வெர்லின் டோலஃப்சனின் சிதறாத தோட்டா

வெர்லின் டோலஃப்சனுக்கு இந்த உலகத்தில் நம்பிக்கை இருந்தது இரண்டே விஷயங்களில். ஒன்று கர்த்தர். இன்னொன்று, தன் கையால் செய்த தோட்டா. கர்த்தர் விஷயத்திலாவது எப்போதாவது அவருக்குச் சந்தேகம் வந்ததுண்டு.

விஸ்கான்சினின் வடக்கே மான் வேட்டை நவம்பரில் ஒன்பதே நாள். அந்த ஒன்பது நாளுக்காக மீதி வருஷம் முழுவதும் நிலவறையில் உட்கார்ந்து தோட்டா செய்தார். பள்ளிப் பேருந்து ஓட்டியது, கல்யாணம் பண்ணியது, மகளைப் பெற்றது எல்லாம் இடையில் கிடைத்த ஓய்வு நேரத்தில்தான். வெடிமருந்தை நிறுக்க மின்தராசு ஒன்று வைத்திருந்தார். அது காட்டும் எடை கிரெய்னில். குன்றிமணியில் பாதிதான் ஒரு கிரெய்ன். அதிலும் பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டால் கொட்டிவிட்டு மறுபடி நிறுப்பார். மூச்சுப் பட்டால் தராசு ஆடுமாம், அதனால் மனைவி ஆர்டிஸ் கீழே வந்தால் வாய் திறக்கக் கூடாது. ஆர்டிஸும் கீழே வருவதையே நிறுத்திவிட்டு நிம்மதியாக இருந்தாள்.

வெட்டும்போது மானின் உடம்பில் கிடைத்த தோட்டாக்களை ஓர் ஊறுகாய் ஜாடியில் சேர்த்திருந்தார். ஒவ்வொன்றும் தலை விரிந்து காளான் மாதிரி இருக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் ஜாடி வந்துவிடும்.

"பாத்தியா, முழுசா இருக்கு. துளி சிதறல. கடைத் தோட்டாவா இருந்தா ரஸ்க் மாதிரி உதிர்ந்திருக்கும்."

ஈயமே இல்லாத முழுச் செம்புத் தோட்டா பற்றி யாராவது பேச்செடுத்தால் அவருக்குச் சிரிப்பு தாங்காது. "அது குழாய் ரிப்பேர் பண்றவனுக்கு. மான் சுடுறவனுக்கு இல்ல."

மகள் மாரிட் பக்கத்து ஊரில் கால்நடை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். அவளுக்கு ஐந்தாம் மாதம். பிறக்கப் போகும் பிள்ளைக்குப் பலம் வேண்டுமே என்று கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு பெட்டி நிறைய மான் கைமா கொண்டுபோய் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. "இருக்கட்டும்ப்பா" என்றாள். அந்தப் பக்கத்தில் 'இருக்கட்டும்' என்றால் கன்னத்தில் அறைந்த மாதிரி. வெர்லினுக்குக் கோபம் பொங்கியது. மூன்று வாரம் தவறாமல் அவள் வீட்டு வாசலில் பனியைத் தள்ளிவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனார். இதைவிடக் கடுமையாகக் கோபிக்க அந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து மாரிட் நேரே நிலவறைக்கு இறங்கி வந்தாள். ஆர்டிஸும் பின்னாலேயே வந்தாள். மாரிட் கையில் ஓர் எக்ஸ்ரே படம். கறுப்பில் சாம்பலாக நாலு பொட்டலம், இரண்டில் வெள்ளை வெள்ளையாகப் பொடிப் புள்ளிகள்.

"என்னதிது?"

"நீங்க குடுத்த கைமா."

"எலும்புத் தூளா இருக்கும்."

"எலும்பு இவ்வளவு பளிச்சுன்னு தெரியாதுப்பா. இது ஈயம், வயித்துப் பிள்ளைக்கு விஷம். குண்டு பட்ட நாய் எத்தனைய பாத்திருக்கேன்."

"காயத்தச் சுத்தி ஒரு சாண் வெட்டி எறியிறேனே."

"தூளு அதுக்கும் அங்கிட்டுப் போகும். கண்ணுக்கும் தெரியாது, பல்லுக்கும் தெரியாது."

"என் தோட்டா சிதறாது. ஜாடியப் பாரு."

"சரி, அதுல ஒண்ண நிறுங்க" என்றாள் மாரிட்.

வெர்லின் அவளையே பார்த்தார். மானுக்குள் போகும் முன் ஒரு தோட்டாவை நூறு தடவை நிறுத்த மனுஷர், வெளியே வந்ததை நாற்பது வருஷத்தில் ஒரு தடவைகூட நிறுத்ததில்லை. முழுசாக இருப்பதை எதற்கு நிறுக்க வேண்டும்?

மானுக்குள் போகும்போது ஈயமும் அதன்மேல் செம்பு உறையுமாக நூற்றைம்பது கிரெய்ன். தராசு தொண்ணூற்றேழு காட்டியது. தராசைத் தட்டினார். பேட்டரியை மாற்றினார். எல்லோரையும் மூச்சைப் பிடிக்கச் சொன்னார். இன்னொன்றை வைத்தார். எண்பத்தெட்டு.

"மிச்சம் எங்க போச்சு?" என்று கேட்டாள் ஆர்டிஸ். பிறகு அவளே சொன்னாள். "வெங்காயம் போட்டு நான்தான் வதக்கியிருக்கேன் போல."

வெர்லின் மனக்கணக்கில் புலி. அன்று கணக்கே தெரியாதவராகப் பிறந்திருக்கலாம் என்று தோன்றியது. ஒரு மானுக்கு ஐம்பது கிரெய்னுக்கு மேல். அத்தனையும் கறியில் தங்காது என்றாலும், தங்கியது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? மாரிட்டுக்குப் பல் முளைத்ததிலிருந்து அவள் தட்டில் வேறு கறி விழுந்ததே இல்லை. கடைக் கறி சுத்தமில்லை என்று அவர்தான் வாங்க விடவில்லை.

"ரத்தத்துல பாத்தா தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பாத்தாச்சுப்பா. நீங்க பெட்டி கொண்டாந்த வாரமே குடுத்தேன். பயப்பட ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. பிள்ளையும் நல்லாருக்கு."

"முடிவு எப்ப வந்துச்சு?"

"வர்றதுக்கு ரெண்டு வாரம் ஆச்சு. அதுவரைக்கும் ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது."

அந்த இரண்டு வாரமும் அவர் அவள் வாசலில் கோபமாகப் பனி தள்ளிக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

மாரிட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"சொல்லியிருந்தா நீங்க தோட்டாவுக்குத்தானப்பா பரிஞ்சு பேசியிருப்பீங்க."

வெர்லின் தராசில் இருந்த தோட்டாவை ஜாடியில் போட்டு, ஜாடியைக் கண்ணில் படாத மூலைக்குத் தள்ளினார்.