சுவரில் இருந்த இருபத்துமூன்று பேர்

ஊரில் சண்டை மறுபடி தொடங்கிய வருஷம். நாங்கள் வந்து குடியேறிய வெளிநாட்டு நகரத்தில், வீடிருந்த கோட்-டெ-நெய்ஜிலிருந்து மெட்ரோவும் இரண்டு பஸ்ஸும் பிடித்து, மறுகோடியில் இருக்கும் இல்-பிசாரில் ஒரு கிழவரின் வீட்டைத் துப்புரவு செய்யப் போவேன்.

அவர் கூடத்துச் சுவரில் சட்டம் போட்ட படங்கள் இருபத்துமூன்று. எல்லாவற்றின் கீழும் அவருடைய அதே ஜேர்மன் குடும்பப் பெயர். எங்கள் ஆட்களுக்குச் சுவரில் படம் தொங்கினால் செத்தவர் என்றுதான் அர்த்தம். குண்டில் போன குடும்பமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைகளில் அவர் தோட்டத்துப் பூ ஒன்றைப் பிடுங்கி, படங்களுக்குக் கீழிருந்த மேசையில் வைத்து, கண்ணை மூடி நின்றுவிட்டுத்தான் தூசி தட்டுவேன். அந்த விசர்வேலையை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு வெள்ளி அவர் பார்த்துவிட்டார். அரைகுறை ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். இவர் உதைபந்தாட்டக்காரர், இவர் ஒபேரா பாடகி, இவர் இரசாயன விஞ்ஞானி என்று காட்டிக்கொண்டே போனார். பாதிப் பேர் உயிரோடு இருக்கிறார்களாம். ஒருவரும் சொந்தமில்லையாம். பெயர் ஒன்று, அதனால் சேர்க்கிறாராம், அவ்வளவுதான்.

"உன்னுடைய குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டார்.

எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயர்தான். கல்யாணம் கட்டிய பிறகும் இந்த மாகாணச் சட்டப்படி பெண்ணுக்கு அதுவே நிற்கும். அதைச் சொன்னேன். கணினியில் தட்டிப் பார்த்தார்.

"பிரபலமானவர் ஒருவர்கூட இல்லையே," என்றார். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. பேக்கரியில் பாண் எடுத்துச் சைக்கிளில் விற்று எங்கள் நால்வரையும் படிக்க வைத்த மனிதர் அப்பா. ஷெல் விழுந்த அன்று அவரும் போனார், வீட்டோடு அவருடைய படங்களும் எரிந்துபோயின. யாரோ ஒரு பாடகிக்கு வாரா வாரம் பூ வைத்திருக்கிறேன். பெற்ற அப்பாவுக்கு வைக்க ஒரு படம் இல்லை. தூசித் துணியை எறிந்துவிட்டு, வைத்த பூவையும் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் என் மருத்துவ அட்டையை எடுத்துச் சாமித்தட்டில் நிறுத்தினேன். அதில் என் குடும்பப் பெயராக அப்பாவின் பெயர் அச்சில் இருந்தது.

கணவர் பதறிப்போனார். "உமக்கென்ன விசரே? அதிலை உம்மடை படமெல்லோ இருக்கு! உயிரோடை இருக்கிற ஆளுக்குப் பூ வைக்கிறதே?"

"எனக்கு வைக்கேல்லை!" என்று கத்தினேன். "அப்பாவுக்கு வைக்கிறன்."

என் முகத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு, வாடத் தொடங்கியிருந்த அந்தப் பூவை அவர் பெயரின் மேல் வைத்தேன்.