ஊற்றின்மேல் போட்ட முள்

ஏரியூரிலிருந்து இறங்கும் சாலை எங்கள் ஊரில் காவிரிக் கரையோடு முடிந்துவிடும். போன கோடையில் ஆறு பின்வாங்கிக்கொண்டே போய், கடைசியில் மணல்தான் மிஞ்சியது. போர்வெல்லும் கைவிட்டதும் எல்லோரும் மணலில் ஊற்றுத் தோண்டினோம். குரங்கும் பன்றியும் இறங்கிக் கலக்கிவிடும் என்று, மொண்டு முடித்ததும் ஊற்றின்மேல் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு மூடுவது வழக்கம். எங்கள் ஊற்றை மூடியது நான்.

"அப்ப அதுங்க குடிக்க எங்கம்மா போகும்?" என்றாள் மகள். ஆறாவது படிக்கிறாள்.

"அதுங்களுக்குக் காடு இருக்குது. நமக்கு இது ஒண்ணுதான் கண்ணு."

மறுநாள் உச்சி வெயிலில் அவளை வீட்டில் காணவில்லை. ஆற்றுக்கு ஓடினேன். கரைமேட்டிலிருந்தே அவள் பாவாடை தெரிந்தது. முள்ளை இழுத்துப் போட்டு ஊற்றைத் திறந்துவிட்டு, பக்கத்திலேயே குப்புற விழுந்து கிடந்தாள். உடம்பில் வியர்வை இல்லை. தொட்ட கை சுட்டது. அவள் தலைமாட்டில் ஈரமான காலடித் தடங்கள். அவள் கிடந்த நேரத்தில் ஏதோ ஒன்று வந்து குடித்துவிட்டு, அவளைச் சுற்றி நடந்து போயிருக்கிறது. என்ன விலங்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தத் தண்ணீரையே அள்ளி அவள்மேல் ஊற்றினேன். பென்னாகரம் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் என்னை அடையாளம் கண்டாள்.

பிறகு மழை பெய்தது, ஆறு வந்தது. பட்டுப்போனதாக நினைத்த மருத மரங்களில் சில அடியிலிருந்து துளிர்த்தன. மற்றவை அப்படியே வெளுத்து நிற்கின்றன. கரைச்சேற்றில் நாணல் ஆளுயரத்துக்கு எழுந்தது. இத்தனை நாள் எங்கே கிடந்தனவோ, தவளைகள் கத்தத் தொடங்கின. மீன்கொத்தி வந்தது. முன்பெல்லாம் கரையில் விளையாடிய நீர்நாய்களை மட்டும் காணோம். ஊரே போய் ஆற்றைப் பார்த்தது. நான் மகளை விடவில்லை. அவள் பள்ளியிலிருந்து வந்ததும் சுடுகிறதா என்று கழுத்தைத் தொட்டுப் பார்ப்பேன். இப்போதும் பார்க்கிறேன்.

"கல்யாணம் கட்டிக் குடுத்தாலும் மாப்ள வூட்டுக்கு நீயும் கூடவே போயிருவியா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றுக்கு அழைத்துப் போனேன்.

கரையை எட்டியதும் என் கையை உதறிவிட்டு நாணலுக்குள் புகுந்தாள். பச்சை அவள் பின்னால் மூடிக்கொண்டது. வெயில் காலத்தில் அவ்வளவு தூரத்திலிருந்தே அவளைப் பார்க்க முடிந்தது, மறைக்க ஒன்றுமில்லை. இப்போது பத்தடிக்குள் இருப்பவள் தெரியவில்லை. நாணலுக்கு அந்தப் பக்கம் ஆழம். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு கத்தினேன்.

"சும்மா இரும்மா," உள்ளேயிருந்து அடங்கிய குரல். "கானாங்கோழி குஞ்சுங்களோட இருக்குது. நீ கத்துனா ஓடிப்போயிரும்."

வாயை மூடிக்கொண்டேன். நாணல் ஒரு இடத்தில் அசைந்தது, பிறகு அதுவும் நின்றது. அவள் எந்தப் பக்கம் என்று தெரியாமல், கூப்பிடவும் முடியாமல், சேற்றில் நின்றிருந்தேன்.