தொட்டியில் ஏறிய உப்பு

அறுபதுகளின் தொடக்கத்தில் மணமேல்குடிப் பக்கம் ஓர் உயர்நிலைப்பள்ளியில் நான் சயின்ஸ் வாத்தியார். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. முதல் பெண்குழந்தை பிறந்த பதினோராம் நாள் தவறிப்போனது. அதற்குப் பிறகு நானும் என் மனைவியும் சாப்பாடு, தண்ணீர், வீட்டுச்சாவி இவற்றைத் தவிர வேறெதையும் பேசிக்கொள்வதில்லை. அப்படிக் கிடந்த வீட்டில்தான் எனக்கு இறால் கிறுக்குப் பிடித்தது.

உப்பங்கழியில் முழங்கால் தண்ணீரில் நின்று துணியால் அரித்தால், விரற்கடை நீளத்துக்குப் பொடி இறால் கிடைக்கும். உடம்புக்குள் இருப்பதெல்லாம் வெளியே தெரியும். குழம்புக்குக்கூட யாரும் மதிக்காத ரகம். அதில் சில, வயிற்றுக்கு அடியில் முட்டையைக் கொத்தாகச் சுமந்துகொண்டு திரியும். அவற்றை வீட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்க விட்டு, வளர்த்து, பள்ளிக்கூட எக்ஸிபிஷனில் வைக்கிறேன் பாருங்கள் என்று ஹெட்மாஸ்டரிடம் சவடால் அடித்துவிட்டு வந்தேன்.

பின்கட்டு வராந்தாவில் அகலமான மண்தொட்டி ஒன்றை வைத்து, கழித்தண்ணீரைத் துணியில் வடிகட்டி நிரப்பினேன். முட்டை முதலில் பச்சையாக இருந்தது. நாளாக நாளாக வெளுத்து, ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கரும்புள்ளி தெரிந்தது. கண்! ஒரு காலையில் பார்த்தால் தண்ணீர் முழுக்கப் பொடிப்பொடியாகத் துள்ளல். பெற்றதே தின்றுவிடும் என்பதால் தாய் இறால்களை அள்ளி வேறு பானைக்கு மாற்றினேன்.

"இந்தா, இங்க வந்து பாரு" என்று அவளைக் கூப்பிட்டேன். டார்ச் அடித்தால் அத்தனையும் வெளிச்சத்துக்கு ஓடிவந்தன. தலை கீழே, வால் மேலே, அதுவும் பின்பக்கமாகவே நீந்தின.

"அய்ய, இதென்னங்க கூத்து! தலைகீழா நிக்கிதுக?" என்று சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் பல் தெரிந்தது அன்றைக்குத்தான்.

வளர்ந்தால் நிமிர்ந்து நேராக நடக்கத் தொடங்கும் என்று சொன்னேன். அது போதும் அவளுக்கு. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிழிந்து, வேளைக்கு நாலு சொட்டு விடுவது அவள் வேலையாயிற்று. சாயங்காலம் நான் சைக்கிளை நிறுத்துவதற்குள், "இன்னைக்கும் ஒன்னுகூட நிமிரலங்க. ஆனா புள்ளைக நல்லாத்தான் இருக்குக" என்பாள். புள்ளைக என்றுதான் சொல்வாள். நான் கேலி செய்வேன். உள்ளுக்குள் எனக்கும் இனித்தது.

தண்ணீர்ப் பொறுப்பு மட்டும் என்னுடையது. சயின்ஸ் வாத்தியார் இல்லையா! தொட்டியின் உள்பக்கம் கரியால் ஒரு கோடு போட்டிருந்தேன். வெயிலும் கடற்காற்றும் பகலில் இரண்டு விரற்கடை தண்ணீரைக் குடித்துவிடும். தினமும் விடிந்ததும் கழித்தண்ணீரைக் கொண்டுவந்து, கோட்டுக்கு ஒரு நூல் கூடாமல் குறையாமல் ஊற்றி நிறுத்துவேன். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்ததைத் துண்டால் துடைத்தும் விட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

பதினெட்டாம் நாள் காலையில் நான் தண்ணீர்க் குடத்தோடு நுழைந்தபோது தொட்டிக்கு அருகே அவள் உட்கார்ந்திருந்தாள். வலது கை ஈரமாக இருந்தது. தொட்டியின் அடியில் தவிட்டைக் கொட்டியதுபோல அத்தனையும் செத்துக் கிடந்தன. அம்மியில் பாதி அரைத்த மிளகாய் அப்படியே இருந்தது.

"மொளகா அரச்ச கைய தொட்டிக்குள்ள விட்டியா?"

"இல்லங்க, கைய நல்லாக் கழுவிட்டுத்தான்..." என்று ஏதோ சொல்ல வந்தாள்.

"ஒன் கை பட்டு எதுதான் பொழச்சிருக்கு?"

சொல்லிவிட்டேன். பாவி, சொல்லியே விட்டேன். அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். அழவில்லை. எழுந்துபோய் மிச்ச மிளகாயை அரைத்தாள். எனக்குச் சோறு போட்டாள். நானும் உட்கார்ந்து தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

தொட்டியைக் காலி செய்யவே எனக்கு மனம் வரவில்லை. நாலைந்து நாள் கழித்துத்தான் போய்ப் பார்த்தேன். தண்ணீர் பாதியாகியிருந்தது. சுவர் ஓரமெல்லாம் கல் கல்லாக உப்பு. நாக்கில் வைத்தேன், தொண்டைவரை கரித்தது. வெயில் எடுத்துப்போனது வெறும் தண்ணீரை. உப்பு அங்கேயே நின்றது. அதன்மேல் நான் தினம் ஒரு குடம் உப்புத்தண்ணீரை ஊற்றியிருக்கிறேன். கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும். இதைத்தானே எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு நடத்தினேன்! பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் உப்பளம் வேறு.

அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுக்களைக்கு எட்டு அடிதான் தூரம். போகவில்லை. தப்பை ஒப்புக்கொண்டால் அந்த வார்த்தையையும் அல்லவா திரும்ப எடுக்க வேண்டும்? அதற்கு எனக்கு வாயில்லை.

இரண்டாம் முறை முட்டை இறால் பிடித்துவந்து பொரிக்க விட்டபோது, வற்றிய அளவைக் கிணற்றுத் தண்ணீரால் ஈடுகட்டினேன். முப்பதுக்கு மேல் பிழைத்து, நிமிர்ந்து, நேராக நடந்தன. அவள் வந்து பார்க்கவே இல்லை. முட்டையை அவித்து வராந்தா நிலைப்படியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். எக்ஸிபிஷனில் கைதட்டினார்கள். இறாலைப் பார்க்க வீட்டுக்கு வந்த இன்னொரு வாத்தியார், எப்படி சார் முடிந்தது என்று கேட்டார். "இந்தத் தடவை வீட்டு ஆளுகள அண்ட விடல" என்றேன். காப்பி டம்ளரோடு அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை தங்கவில்லை. மூன்று வருடம் கழித்து அன்னவாசலில் அவள் தங்கை குழந்தைக்குப் பேர் வைக்கப் போயிருந்தோம். தங்கை குழந்தையை நீட்டி, "பெரியம்மாட்ட போடா" என்றாள். என் மனைவி இரண்டு கைகளையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்டி. என் கையில குடுக்காத."

கூட்டத்தில் யாருக்கும் அது காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது.

ஊர் திரும்பும் வழியில், புதுக்கோட்டை பஸ்ஸில் எல்லாவற்றையும் கொட்டினேன். கரிக்கோடு, உப்பு, கிணற்றுத் தண்ணீர், என் தப்பு. அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்ங்க" என்றாள்.

"தெரியுமா?"

"அன்னைக்கு நான் வெரல விட்டதே அதுக்குத்தான். நாக்குல வச்சுப் பாத்தேன், ஒரே கரிப்பு. கொழம்பு சுண்டிப்போனா வெறுந்தண்ணிதான ஊத்துவாக, நீங்க உப்புத்தண்ணியவே ஊத்துறீங்களேன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்க."

மன்னிச்சுக்கோ என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அப்பறமாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?" என்றுதான் என் வாயில் வந்தது.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"இறாலுக்குன்னா பதில் சொல்லியிருப்பேங்க. நீங்க கேட்டது இறாலப் பத்தியா?"