மாற்றம் ஒன்றுமில்லை

பளீலுக்கு எதையும் எறிய மனம் வராது. அம்பிட்டியவில் மலைச்சரிவுகளை அளக்கும் ஒரு சின்னக் கம்பனியில் இருபத்தெட்டு வருடமாகக் கொம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறார். மூன்று மேலாளர்கள் வந்து போய்விட்டார்கள். களஞ்சிய அறையில் கிடக்கும் பழைய டெஸ்க்டொப்கள் நான்கும் போகவில்லை. "இதுகள் எப்ப நானா மவுத்தாகும்?" என்று அவற்றின் சாவு நாளைக் கேட்டு இளசுகள் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துவிட்டு அவற்றின் தூசைத் தட்டுவார்.

மழை ஐந்தாவது நாளாக விடாமல் பெய்த அன்று காலை தங்கை பாயிஸா போனில் கூப்பிட்டாள்.

"நானா, குசினிச் சுவருல வெடிப்பு ஒண்டு வந்தீக்கி. நேத்து முடி மாதிரி இருந்திச்சி. இண்டைக்கு விரல் போகுது."

"நபீல் என்ன சொல்றாரு?"

"படுக்கையில கிடக்குற மாமியத் தூக்கிட்டு எங்க போறண்டு கேக்குறாரு. மலையப் பாக்க வாற அரசாங்க ஆக்கள் மூணு நாளைக்குப் பொறகுதான் வருவாங்களாம். ஒங்கட ஒப்பீசுல இந்த மலையப் பத்தி ஒண்டும் இல்லையா?"

மலையடிவாரத்துக் காணியை ஒன்பது வருடத்துக்கு முன் பார்த்துக் கொடுத்தவரே பளீல்தான். தங்கையும் புருஷன் நபீலும் இரண்டு பிள்ளைகளும் நபீலின் தாய்க்கிழவியும் இன்று அந்தக் கூரையின் கீழ் இருக்கிறார்கள்.

அந்த மலையைப் பற்றிய குறிப்புகள் இருந்தன, வாசிக்கத்தான் வழியில்லை. முன்பு கம்பனியில் மலைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு நியூஸ்குரூப், அதாவது செய்திக் குழுக்கள், வைத்திருந்தார்கள். மலைக்குப் போய் வரும் பொறியியலாளர் பார்த்ததை எழுதிப் போடுவார்; கேபிளில் இணைந்த எல்லா மேசைகளிலும் அது தெரியும். அந்தக் குறிப்புகள் இன்னும், நிறுத்தி வைத்த பழைய சேர்வரில் கிடந்தன. அவற்றைத் திறக்கும் நியூஸ் ரீடர்தான் எந்த மெஷினிலும் இல்லை. யாரோ ஒரு புத்திசாலி துப்புரவு செய்கிறேன் என்று அழித்துவிட்டான்.

நான்கில் இரண்டு மெஷின்கள் உயிர்பெற்றன. புது லெப்டொப்பைக் கொண்டு போனால் அந்தக் காலத்துக் கேபிளைக் குத்த அதில் துவாரமே இல்லை. இணையத்தில் தேடி எடுத்த ரீடர்களோ பழைய மெஷினைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. பழைய பதிப்பொன்று கிடைத்தது, ஆனால் பென்டிரைவை அந்த மெஷின் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடைசியில் திகனவில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் அஸ்ஃபரின் ஞாபகம் வந்தது. மழையோடு மழையாக பஸ் ஏறினார்.

"நியூஸ் ரீடரா? நீங்க இன்னும் அந்தக் காலத்துலயா ஈக்கிறீங்க?" என்று சிரித்த அஸ்ஃபர், பளீலின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். பழைய கொம்பியூட்டர் சஞ்சிகைகளோடு இலவசமாக வந்த சீடிகளைப் பெட்டியோடு கொட்டினான். முப்பத்தேழாவது சீடியில் ஒரு சின்ன ரீடர் இருந்தது.

பிற்பகல் மூன்று மணிக்குத் திரையில் அந்த மலையின் குறிப்புகள் வரிசையாக விழுந்தன. எல்லாம் பொறியியலாளர் இராமநாதனின் பெயரில் இருந்தன. பளீல் கடைசிக் குறிப்பைத் திறந்தார். மாற்றம் ஒன்றுமில்லை. அதற்கு முந்தியது, மாற்றம் ஒன்றுமில்லை. பத்துப் பன்னிரண்டைத் திறந்தார், எல்லாவற்றிலும் அதேதான். அல்ஹம்துலில்லாஹ் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"பயப்பட ஒண்டுமில்ல தங்கச்சி. வருசக் கணக்காப் பாத்து எழுதியீக்கிறாங்க. மலை அசையல்ல."

பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோதுதான் நாட்களைக் கவனித்தார். எல்லாம் திங்கட்கிழமை. எல்லாம் காலை எட்டு மணி பத்து நிமிடம். எந்த மனிதன் ஆறு வருடம் ஒரே நிமிடத்தில் மலையிலிருந்து இறங்கி வருவான்?

கோப்பையைக் கீழே வைத்தார். இராமநாதன் வேலையை விட்டுப் போன பிறகு மலைக்கு ஒருவரும் போகவில்லை. ஒரு மாதம் புதிதாக ஒன்றும் விழாத குழுவைச் சேர்வர் தானாக அழித்துவிடும். பழைய குறிப்புகள் வீணாகப் போகுமே என்று, இராமநாதனின் மேசையில் உட்கார்ந்து, திங்கள்தோறும் பன்னிரண்டு குழுக்களிலும் அந்த ஒரே வரி தானாக விழும்படி செய்துவைத்தவர் பளீல்தான். இன்று சேர்வரை இயக்கும்போதுகூட, குழுக்கள் அழியாதிருக்க அதன் திகதியை முதலில் பின்னுக்குத் தள்ளியிருந்தார். ஒருவரும் மலைக்குப் போகாத காலத்தில் அவை எப்படித் தப்பின என்று மனம் கேட்கவில்லை. நல்ல செய்திக்கு ஏங்கியிருந்த மனம் எதைத்தான் கேட்கும்?

திரையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி நின்றது: 1,914 குறிப்புகளில் 300 இறக்கப்பட்டன. ரீடர் பிந்திய முந்நூறை மட்டும் கொண்டுவந்திருக்கிறது. மீதியையும் கேட்டார். ஒவ்வொன்றாக, உயிரை எடுத்துக்கொண்டு வந்தன.

இராமநாதன் உண்மையில் எழுதிய கடைசிக் குறிப்பு நீளமாக இருந்தது. மேலே வெடிப்பு மறுபடி திறந்திருக்கிறது. அடிவாரத்தில் யாரையும் குடியிருக்க விடக்கூடாது. ஐந்து நாள் மழைக்குப் பிறகு கிணற்று நீர் கலங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

பளீல் போனை அழுத்தினார். நபீல் எடுத்தார்.

"மச்சான், கிணத்துத் தண்ணி எப்பிடி?"

"மதியத்துல இருந்து செங்கட்டியக் கரைச்ச மாதிரி வருது. மழைக்குத்தானே. நீங்க சொன்ன பொறகுதான் மனசு ஆறிச்சி. மேல் வீட்டு ஆக்களும் சாமான் கட்டி வெளிக்கிட்டாங்க, பயமில்லண்டு சொல்லித் திருப்பிக் கூப்பிட்டுட்டோம். புள்ளைகள் எல்லாம் பின்னுக்கு விளையாடுதுகள்."

"இப்பவே எல்லாரும் வெளிய போங்க! உம்மாவத் தூக்குங்க, ஒண்டையும் எடுக்க வேணாம்!"

"என்ன மச்சான் நீங்க? இப்பதானே மலை அசையல்லண்டு எழுதியீக்கிண்டு சொன்னீங்க. நான் எத நம்புற?"

அதைச் சொல்லப் பளீலுக்குக் கூசியது. சொல்லாமலும் முடியாது.

"அத எழுதினது நான்தான், மச்சான். அங்க ஒருத்தரும் போய்ப் பாக்கல்ல."

மறுமுனையில் போன் எங்கோ விழுந்தது. "பாயிஸா!" என்று நபீல் கத்துவதும், பாயிஸா பின்கதவடியில் நின்று பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கேட்டன. இரண்டு பெயரையும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள்.

ஒரு பிள்ளைதான் பதில் சொன்னது.