நாலரை மணி பஸ்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ரகம் நான். முப்பத்து நாலு வருஷம் லோதி ரோடு ஆபீஸில் ஸ்டெனோவாக இருந்தேன். எதிரே ஒருவர் உட்கார்ந்து சொன்னால் எழுதுவேன், சொல்லாததை எழுத மாட்டேன், மூளையும் அப்படியே பழகிவிட்டது. எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் போகிற வழியில் பழைய கல்லறை மண்டபங்கள் உண்டு, இருட்டினால் அந்தப் பக்கம் போகாதே என்று காலனியே சொல்லும், நான் காய்கறிப் பையோடு தன்னந்தனியாக அந்த வழியாகத்தான் வருவேன். எனக்கு நாய் என்றால்தான் பயம்.

தம்பி, நீங்கள் உங்கள் அம்மாவுக்கு இந்த முதியோர் இல்லத்தில் இடம் பார்க்க வந்திருக்கிறீர்கள். எந்தப் பகுதி நல்லது, நான் எப்படி இங்கே வந்தேன் என்று கேட்டீர்கள். அதைச் சொல்லப் போனால் இதையும் சொல்லியாக வேண்டும். கிழவிக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்தாலும் சரி, கேட்டுவிட்டு நினையுங்கள்.

எமர்ஜென்சி முடிந்த மறு குளிர்காலம் எனக்கு ரிட்டயர்மெண்ட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மெட்ராஸிலிருந்து என் கூடப் பிறந்த தம்பி கடிதம் போட்டிருந்தான், 'அக்கா இங்கேயே வந்துவிடு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆளில்லாமல் இருக்கிறது' என்று. அந்தப் 'பார்த்துக்கொள்ளவும்' என்பதைப் படித்ததுமே கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். எனக்கோ கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. என் கதவை நானே பூட்டித் திறக்க வேண்டும், ஆனால் விழுந்தால் தூக்க ஓர் ஆளும் வேண்டும். அந்தச் சமயத்தில் ஆபீஸில் ஒருத்தி இந்த இல்லத்தைப் பற்றிச் சொன்னாள்.

ஒரு ஜனவரி மத்தியானம் பார்க்க வந்தேன். பனிமூட்டம் அன்றைக்கு விலகவே இல்லை, இரண்டு மணிக்கும் விளக்குப் போட்டிருந்தார்கள். அப்போதிருந்த வார்டன் அம்மாள் பஞ்சாபி, நல்ல மாதிரி, 'ஆயியே, ஆயியே' என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். மூன்று பகுதிகள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் முதல் கட்டு, இரண்டாம் கட்டு என்போமே, அப்படி நானே பெயர் வைத்துக்கொண்டேன். முதல் கட்டில் நடமாடுகிறவர்கள், தனி அறை, சின்ன அடுப்பு, சொந்தப் பூட்டு. இரண்டாம் கட்டில் சாப்பாடு அறைக்கே வரும், குளிக்க வைக்க ஆயா உண்டு. மூன்றாம் கட்டில் படுத்தவர்கள். ஒரு கட்டிலிருந்து அடுத்ததற்கு எப்போது மாற்றுவது என்பதை டாக்டர் சொல்வார், நம்மைக் கேட்க மாட்டார்கள்.

சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு வீடு பார்ப்பதில் ஒரு பழக்கம் உண்டு. அலாட்மெண்ட் வந்தால் போய்ச் சோதித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம். அதே மாதிரி இங்கேயும் குழாயைத் திறந்து பார்த்தேன், தாழ்ப்பாளைப் போட்டு எடுத்தேன், சுவரில் ஈரம் உண்டா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வார்டன் சிரித்தாள். மூன்றாம் கட்டுக்கு வந்தபோது திறந்து பார்க்கக் குழாயும் இல்லை, போட்டுப் பார்க்கத் தாழ்ப்பாளும் இல்லை. எட்டுக் கட்டில்கள், எல்லார் மேலும் ரஜாய் போர்த்தியிருந்தது, ஒரு சத்தமில்லை. அந்த நேரம் பார்த்து ஆபீஸில் டெலிபோன் அடித்தது, வார்டன் ஓடினாள்.

கிளம்பிவிடலாமா என்று நின்றேன். அப்போதுதான் ஜன்னலோரம் கடைசிக் கட்டிலிலிருந்து ஒரு குரல்.

"ஏட்டி, கொஞ்சம் தண்ணி தா."

தம்பி, தில்லியில் என்னை 'மேடம்' என்பார்கள், 'பெஹன்ஜி' என்பார்கள், 'மிஸ் கோமதி' என்பார்கள். என் அம்மா போன பிறகு 'ஏட்டி' என்று கூப்பிட ஓர் ஆள் கிடையாது. உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். கிட்டே போனேன். மப்ளர் தலையையும் வாயையும் மூடியிருந்தது, கண் மட்டும் தெரிந்தது, அதுவும் பாதி மூடி. ஸ்டூலில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர். எடுக்கும்போது பார்த்தேன், தமிழில் 'கோமதி' என்று பெயர் வெட்டியிருந்தது. கடைசி எழுத்தின் முடிவிலிருந்து அடிவிளிம்பு வரை ஒரு கீறல், வெட்டுகிறவன் கை வழுக்கியிருக்கிறது. டைப் அடித்த கண்ணுக்கு இப்படிப்பட்டது தப்பவே தப்பாது.

"உங்க பேரும் கோமதிதானா? நீங்க எந்தூரு?" என்று கேட்டேன்.

அவள் கண் டம்ளர் மேலேயே இருந்தது. மப்ளரை வாய் தெரிகிற அளவுக்கு மட்டும் இறக்கி, தலையைத் தாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள், மிச்சம் என் பச்சை ஸ்வெட்டர் கையில் கொட்டியது. டம்ளரை வைக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, கொஞ்ச நேரம் இரு."

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். "நாலரை மணி பஸ் போயிரும்மா. அத விட்டா எனக்கு நேர் பஸ் கிடையாது. இன்னொரு நா வாரேன்."

"தெரியும். போ" என்றாள். கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசலில் வார்டனிடம், கடைசிக் கட்டில் மதராஸி அம்மாள் எந்த ஊர் என்று விசாரித்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இங்கே மதராஸி யாரும் இல்லையே, கடைசிக் கட்டில் தீபாவளியிலிருந்து காலியாகத்தானே இருக்கிறது என்றாள். திரும்பிப் போய்ப் பார்க்க எத்தனை நிமிஷம் ஆகும்? பஸ் வந்துவிட்டது. ஓடிப் போய் ஏறினேன். உட்கார இடம் கிடைக்கவில்லை, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன், ஸ்வெட்டர் கை ஈரம் முழங்கை வரை இறங்கிச் சில்லென்று இருந்தது. அதை மட்டும் யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

நீங்களாக இருந்தால் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டீர்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வார்டன் புதுசு, படுத்தவர்கள் கணக்கு அவளுக்குச் சரியாகத் தெரியாது என்று நினைத்தேன். என் ஊர்க்காரி, என் பெயர்க்காரி ஒருத்தி அங்கே கிடக்கிறாள், தினம் போய்ப் பக்கத்தில் உட்காரலாம், நம் ஊர்ப் பேச்சுப் பேசலாம் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையில்தான் இந்த இடத்துக்குச் சரி என்று எழுதிப் போட்டேன். மெட்ராஸுக்கு வரவில்லை என்று என் தம்பிக்கு எழுதினேன்.

சேருவதற்கு முன்னால் ஒரு பட்டியல் அனுப்பினார்கள். தட்டு, டம்ளர் அவரவர் கொண்டுவர வேண்டும், எல்லாம் ஒரே குழாயடியில் கழுவுவதால் பெயர் வெட்டியிருக்க வேண்டும். கரோல் பாக்கில் பூசா ரோடு பக்கம் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். பெயர் வெட்டுகிறவனுக்குத் தமிழ் தெரியாது, நான் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன், அவன் படம் வரைகிற மாதிரி பார்த்துப் பார்த்து வெட்டினான். தட்டு நன்றாக வந்தது. டம்ளரில் கடைசி எழுத்து முடியும்போது எவனோ அவன் தோளில் இடித்தான், மிஷின் வழுக்கி அடிவிளிம்பு வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவன் பாவம், "பெஹன்ஜி, வேற தர்றேன்" என்று அவன் பாஷையில் கெஞ்சினான். மாற்றியிருக்கலாம், ஏன் மாற்றவில்லை என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். வேண்டாம் என்று அதையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை சாமான் கட்டிக்கொண்டிருந்தேன். தனியாக இருக்கிறவர்கள் தமக்குத்தாமே பேசுவார்கள், எனக்கும் அந்த வியாதி உண்டு. "ஏட்டி, வடிகட்டிய எடுத்து வச்சியா?" என்று வாய்விட்டுக் கேட்டேன். அறை காலியாக இருந்ததால் குரல் திரும்பி வந்தது. என்னை 'ஏட்டி' என்று கூப்பிட இந்த ஊரில் ஓர் ஆள் உண்டு தம்பி, அது நான்தான். அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்க இரண்டே நாள் இருந்தது, வேறு எங்கே போவேன்?

சேர்ந்த அன்றைக்கே மூன்றாம் கட்டுக்கு ஓடினேன். கடைசிக் கட்டிலில் மெத்தை கூட இல்லை. அதற்கப்புறம் அதில் எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள், எல்லாரும் இந்திக்காரர்கள்.

பத்து வருஷம் ஓடிவிட்டது. முதல் கட்டில் எட்டு வருஷம் நானே பூட்டி நானே திறந்தேன். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு இந்த இரண்டாம் கட்டு. ஆயா நல்லவள், வார்டனும் மாறிவிட்டாள், சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டேன், உங்கள் அம்மாவைத் தாராளமாகச் சேர்க்கலாம். போன வாரம் டாக்டர் வந்து காலை அழுத்திப் பார்த்துவிட்டு, பொங்கலுக்கு அப்புறம் அந்தப் பக்கம் மாற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜன்னலோரக் கட்டில் தீபாவளியிலிருந்து காலியாக இருக்கிறதாம்.

அந்த டம்ளர்தான் இது, கையில் எடுத்துப் பாருங்கள். கீறலை விரலால் தடவினால் தெரியும்.

சாவதற்கு எனக்குப் பயமில்லை. என் தம்பி வீட்டுக் குழந்தைகள் புது வருஷத்துக்குக் கார்டு போடுவார்கள், வந்து பார்க்க யாரும் கிடையாது. ஆனால் ஒருத்தி வருவாள், அது நிச்சயம். பனி விலகாத ஒரு மத்தியானம், நான் பின்னிய பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, சுவரையெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொண்டு வருவாள். அவளிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருக்கிறது. மெட்ராஸுக்கே போய்விடு என்று சொல்லலாம், டம்ளரை மாற்றிக்கொள் என்று சொல்லலாம். ஆனால் அன்றைக்கு என் காதில் விழுந்தது அதெல்லாம் இல்லையே. கட்டிலில் கிடந்தவள் தண்ணீர் கேட்டாள், கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னாள், அவ்வளவுதான்.

நான் இருக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் வாயாலேயே தெரியும் என்று சொன்னாள். தெரிந்துகொண்டுதான் அவள் என் கையைப் பிடித்திருக்கிறாள், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.