கிளட்சுக்கு இரண்டு ஆள்

என் மனைவி மூன்று வாரமாக வீட்டுக்கு வரவில்லை. நான்காவது வாரம் காரின் கிளட்ச் கெட்டது. கோபமெல்லாம் காரின் மேல்தான் வந்தது. வேறு யார் மேல் காட்டுவது?

அவள் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். தினமும் எல்லைப் பாலம் கடந்து, நெரிசலில் நின்று போய்வந்து கால் வீங்கிப்போனதால் அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டாள். சனிக்கிழமை வருவாள், ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவாள். பிறகு ஓவர்டைம் என்றாள். பாலத்துக்கு இந்தப் பக்கம், தம்போய் வீட்டில் நானும் ரைஸ் குக்கரும் அந்தப் பழைய கியர் காரும் மிஞ்சினோம். போனில் "வா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "இந்த வாரமும் வேலையா? சரி, சரி" என்று வைத்துவிடுவேன். வீம்புக்கு ஏது மருந்து? இரவுச் சோற்றை அவள் தட்டிலேயே போட்டுச் சாப்பிட்டேன், அவ்வளவு ஏக்கம்.

புதன்கிழமை காலை ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று அலறியது. இன்ஜினை அணைத்துவிட்டுப் போட்டேன், சத்தமில்லாமல் விழுந்தது. அப்படியானால் கியரில் கோளாறில்லை, கிளட்ச்தான் முழுதாக விடவில்லை. ஸ்டார்ட் செய்து, மிதியைத் தரையோடு அமுக்கி முதல் கியர் போட்டேன். காலை எடுக்கவேயில்லை, கார் கேட்டை நோக்கி மெல்ல நகர்ந்தது. மிதிக்கு அடியில் விரிப்பு மடங்கிக் கிடக்கிறதா என்று குனிந்து பார்த்தேன், இல்லை. மூன்று தடவை படபடவென்று மிதித்த பிறகு கியர் ஒழுங்காக விழுந்தது. எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம். பானெட்டைத் திறந்தால் கிளட்ச் எண்ணெய் பாதிகூட இல்லை. கியர்பாக்ஸ் ஓரத்தில் இருக்கும் கீழ் பம்ப் ரப்பர் தேய்ந்து ஒழுகியிருந்தது. புது பம்ப் வாங்கி மறுநாள் நானே மாட்டினேன். காற்றை எடுப்பதுதான் பாக்கி.

அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மிதியை அமுக்கிப் பிடிக்க, மற்றவர் காருக்கடியில் படுத்து பம்ப்பின் சிறு திருகைத் திறந்து, எண்ணெயும் குமிழியும் வெளியேறியதும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். எங்கள் வீட்டில் மிதிப்பது எப்போதும் அவள். முதல் முறை செய்தபோது, திருகைத் திறந்துவிட்டேன் என்று சொல்ல "விட்டுட்டேன்!" என்று கத்தினேன். உள்ளே அவள் காதில் "விட்டுடேன்!" என்று விழுந்திருக்கிறது. காலை எடுத்துவிட்டாள். போன காற்றெல்லாம் திரும்ப உள்ளே. மத்தியானம் வரை இதே கூத்து.

"தமிழ்ல சொன்னா சண்டதான் வருது. மலாய்ல சொல்லுங்கலா" என்றாள். அன்றிலிருந்து அமுக்குவதற்கு தெக்கான், காலை எடுப்பதற்கு லெபாஸ்.

இந்தத் தடவை, பாக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, தான் வந்து மிதிக்கட்டுமா என்று கேட்டார். பத்து நிமிட வேலை. எனக்கு முதுகு வலி, பிறகு பார்க்கலாம் என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டு அவளுக்குப் போன் செய்தேன்.

"கார் படுத்துருச்சு. காத்து எடுக்கணும்."

"பக்கத்து வீட்டு பாக்சிக்க மிதிக்கச் சொல்லுங்க."

"அவருக்கு முதுகு வலியாம்."

"சரி, சனிக்கிழம வரேன்" என்றாள்.

வந்தாள். பையைப் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஸீட்டில் ஏறினாள். நான் அடியில் படுத்து "தெக்கான்!" என்றதும், தகரத்துக்கு அந்தப் பக்கம் அவள் குரலும் "தெக்கான்!" என்றது. ஆறாவது தடவையிலேயே குமிழி நின்று எண்ணெய் சுத்தமாக வந்தது. நான் இன்னும் நாலு தடவை சொல்லவைத்தேன். அந்தக் குரலைக் கேட்க ஆசையாக இருந்தது.

மிதி கெட்டியாகி, ரிவர்ஸ் ஒழுங்காக விழுந்தது. அந்த நேரம் பார்த்துப் பெரியவர் பத்துக் கிலோ அரிசிப் பையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து அவளிடம் நலம் விசாரித்தார். போகும்போது, என் முதுகு இப்போது தேவலையா என்றும் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

ஞாயிறு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் இறக்கினேன். கார் ஜன்னலில் குனிந்தாள்.

"ஓவர்டைம் ரெண்டு வாரந்தாங்க. மூணாவது வாரம் சும்மா ரூம்லதான் கெடந்தேன். வான்னு ஒரு வார்த்த சொல்றீங்களான்னு பாத்தேன்."

அவள் போய் வரிசையில் நின்றுவிட்டாள். நான் இறங்கிப் பின்னாலேயே போய், "அடுத்த சனிக்கிழம வா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னங்க?" என்றாள், கேட்காதவள் போல.

சத்தமாகச் சொன்னேன். வரிசையே திரும்பிப் பார்த்தது.