வராந்தாவில் திறந்த வாய்

அசதி என்றால் அப்படியோர் அசதி. 2006 தீபாவளி சீசன். வார நாட்களில் ஆமத்தூரிலிருந்து பஸ் பிடித்து, மதுரைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொருளியல். சனி, ஞாயிறு அம்மாவோடு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை. நின்றால் தூக்கம், உட்கார்ந்தால் தூக்கம். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வகுப்பில் என் வாய் திறக்காததைத்தான் தாங்க முடியவில்லை.

மருந்து அறைக்குள் பேசக் கூடாது. போர்மேன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், கையிலிருப்பதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, வெளியே போய் நின்றுதான் பதில் சொல்ல வேண்டும். பிளஸ் டூ முடித்ததிலிருந்து எனக்கு அந்தப் பழக்கம். வகுப்பு தொடங்கிய புதிதில் மேடம், "மாரிச்செல்வி, நீ சொல்லு" என்றார்கள். பேனாவைக் கீழே வைத்தேன். எழுந்து நேராக வராந்தாவுக்குப் போய் நின்றேன்! வகுப்பே கொல்லென்று சிரித்தது. அன்றைக்கு அடைத்த வாய்தான். தெரிந்த பதில்கூடத் தொண்டையோடு நின்றுவிடும்.

புரட்டாசியில் மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். செமினார் எடுக்காதவர்களுக்கு இன்டர்னல் மார்க் கிடையாது. அது இல்லாவிட்டால் பரீட்சை இல்லை. படிப்பு போனால், பிறகு வாரம் முழுக்க மருந்து அறைதான். ஞாயிறு சாயங்காலம் வேலை முடிந்து, கையில் மருந்து வாசம்கூடப் போகாமல், ஊர் மாரியம்மன் கோயிலில் உட்கார்ந்து அழுதேன். 'ஆத்தா, என் வாயைத் திறந்து விடு. வெள்ளியில் வாய் உரு வாங்கி வைக்கிறேன்.' இதையும் மனதுக்குள்தான் சொன்னேன்.

மறுநாள் என் முறை. மேடம் பெயரைச் சொன்னதும், தூக்கக் கலக்கத்தில் கால்கள் மறுபடியும் வராந்தாவுக்கே கொண்டுபோய் விட்டன. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. படிப்பு முடிந்தது என்று சுவரில் சாய்ந்தேன்.

பக்கத்தில் உட்காரும் வெம்பக்கோட்டை ராமலட்சுமி பின்னாலேயே வந்தாள்.

"ஏ பிள்ள, அம்புட்டையும் படிச்சிட்டுத்தான வந்த?"

"ரூமுக்குள்ள வாய் வர மாட்டேங்குது."

"இங்கன வருதுல்ல?" என்றவள், ஜன்னல் வழியாகக் கேட்டாள்: "மேடம், அவ இங்கன நின்னு சொல்லட்டுமா?"

மேடம் எழுந்தார்கள். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். "சரி, சொல்லும்மா."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். சீசன் முடிந்தால் வேலையில்லாமல் போகிற ஊர்களைப் பற்றி. முதலில் வார்த்தை ஒன்றிரண்டாக வந்தது. பிறகு பெல் அடித்ததுகூடக் காதில் விழவில்லை. ராமலட்சுமியை வெளியே அனுப்பியது மேடம் இல்லை; யார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த செமினார் வாசற்படியில். அதற்கடுத்தது உள்ளே. இன்று நானே பாடம் எடுக்கிறேன். அசதி இன்னும் விடவில்லை. ஆனால் என் வகுப்பில் யார் வேண்டுமானாலும் வராந்தாவில் நின்றும் பதில் சொல்லலாம்.

அந்த வருஷம் நேர்த்திக்கடனுக்குப் போனபோது, கோயில் கடையில் கண், கை, கால் என்று எல்லா உருக்களும் இருந்தன. வாய் இல்லை. "அத யாரும் கேக்கிறதில்லத்தா. முகமா வாங்கிக்கிடுங்க, அதுல வாயும் இருக்கு" என்றார் கடைக்காரர். முகமாகவே வைத்தேன்.

வேண்டிக்கொள்ள வார்த்தை வரவில்லையே என்று கோயிலுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். சும்மா போய் உட்காருங்கள். அன்று நான் வாயே திறக்கவில்லை. ஆத்தாவுக்குக் கேட்டது.